குட்டி யானையில் 28 ஆடு

வாசகர் கேள்வி:

டாக்டர் ஐயா, வியாசர்பாடியில் இருக்கிறேன். வயது 32. ஊத்துக்கோட்டைப் பக்கம் என் மாமனார் பட்டியில் நூறு செம்மறி இருக்கிறது. அவரிடமும் அக்கம்பக்கத்துப் பட்டிகளிலும் ஆடு பிடித்து, என் குட்டி யானையில் ஏற்றி, புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் (ஆடு வெட்டும் கூடம்) விற்பதுதான் என் பிழைப்பு. 12 நாள் முன்பு ராத்திரி 11 மணிக்கு 28 உருப்படியோடு வந்துகொண்டிருந்தேன். நாலு பேர் வண்டியை மறித்து, ஆட்டைக் கொடுமைப்படுத்துகிறாய் என்று சத்தம் போட்டுப் போலீசைக் கூப்பிட்டார்கள். காலை 4 மணி வரை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று ஆடு செத்துப்போனது, 30 ஆயிரம் நஷ்டம். மாமனார் வெறுத்துப்போய் "பட்டியையே வித்துடறேன்" என்கிறார். ஷார்ஜாவில் இருக்கும் நண்பன், உயிரோடு இங்கே அனுப்பு, நல்ல விலை என்கிறான். அதற்கும் ஆயிரம் தடை என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி தடைக்கு எதிராக விவசாயிகள் லாரி லாரியாகத் திரண்ட வீடியோ பார்த்தேன். இங்கே எங்களை யார் கேட்டார்கள்? இந்தச் சட்டமெல்லாம் ஆட்டைக் காப்பாற்றவா, எங்களை ஒழிக்கவா? இன்னொன்று, தப்பித்ததில் ஒரு கிடா நொண்டுகிறது. வெட்டுக்கு விற்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்:

தம்பி, கிடாவைக் கடைசியில் பார்ப்போம். செத்துப்போன மூன்றை முதலில் பார்த்துவிடலாம்.

மூன்றும் முன்மூலையில், கேபினை ஒட்டிக் கிடந்தன, உடம்பில் காயமில்லை, நாக்கு மட்டும் நீலம் பாரித்துத் தொங்கியது, யாராவது விஷம் வைத்திருப்பார்களோ என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். விஷமெல்லாம் இல்லை. பிரேக் அடித்தால் செம்மறி மொத்தமும் முன்னால் சாயும். ஆள் கூச்சல், டார்ச் வெளிச்சம் என்றால் இன்னும் மிரண்டு மூலையில் போய் அடையும். அடியில் ஒன்று காலை மடக்கிவிட்டால் திரும்ப எழுந்திருக்க இடம் கிடையாது. மேலே நிற்பவை வேண்டுமென்றா மிதிக்கின்றன? அவற்றுக்கும் கால் வைக்க வேறு இடமில்லை. நெஞ்சுக்கூடு விரிய வழியில்லாமல் மூச்சு முட்டிச் சாகும். இப்படிச் செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு, "சார், நீலநாக்கு நோய் வந்துடுச்சு" என்று என்னிடம் ஓடிவந்தவர்கள் உண்டு. அது கொசுவைப் போன்ற சிறு பூச்சி கடித்து வருவது, மழைக்காலத்து வியாதி. இது லாரி வியாதி.

வேலையில் இருந்த காலத்தில் ஆட்டுத்தொட்டி வாசலில் விடியற்காலை லோடு இறக்குவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பின்கதவைத் திறந்ததும் முதலில் வருவது மூத்திரத்தின் காரம், கண் எரியும். அப்புறம் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குதித்து இறங்கும். கடைசியில் இறங்காதவை மட்டும் இருக்கும். கூலியாள் பின்னங்காலைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் போடுவார். நெல்லூர்ப் பக்கத்து லாரி ஒன்றில் ஒரே நாளில் ஆறு உருப்படி அப்படி ஓரம் போனதைக் கேட்டபோது வியாபாரி சொன்னது ஒரே வார்த்தை: "சேதாரம்." நகைக்கடையில் சொல்வார்களே, அதே சேதாரம்தான்.

உங்கள் வண்டித் தொட்டி 7 அடி நீளம், 5 அடி அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். 35 சதுர அடி. 28 ஆட்டுக்குப் பிரித்தால் தலைக்கு ஒண்ணேகால் சதுர அடி வருகிறது. வீட்டில் பதிக்கிறோமே இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், அந்த ஒரு கல்லின்மேல் மூன்று ஆட்டை நிறுத்தியிருக்கிறீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த 125-இ என்ற பிரிவு, ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் கேட்கிறது. நம் கணக்கில் மூன்றேகால் சதுர அடி, அதாவது கல்லுக்கு ஒரு ஆடு. அப்படிப் பார்த்தால் உங்கள் வண்டியில் 10 ஆடுதான் ஏற்றலாம். 28 ஏற்றியது தப்பு. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 11 மணியிலிருந்து 4 மணி வரை வண்டியை நிறுத்தி வைத்ததும் தப்புதான். என் கணக்கில் அந்த மூன்று உயிரில் பாதிப் பங்கு அதற்கும் போகும். செம்மறிக்கு நம்மைப் போல வியர்த்துச் சூடு தணியாது. மூச்சிரைத்து, ஈரக்காற்றை வெளியே தள்ளித்தான் உடம்பை ஆற்றிக்கொள்ளும். சென்னை ராத்திரியில் காற்றே ஏற்கெனவே ஈரம். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் இடுக்கில் கொஞ்சம் காற்றாவது புகுந்து வெளியேறும். நின்றுவிட்டால் ஒவ்வொரு ஆடும் ஒரு அடுப்பு. 28 அடுப்பை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் நின்றுகொண்டு கருணை பற்றி ஐந்து மணி நேரம் பேசியிருக்கிறார்கள். தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்தார்களா என்று பார்த்தேன், உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

சட்டம் அவர்களுக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்கைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பும் உரிமை, கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரிக்கும், மாநில அரசு அதற்கென்று அதிகாரம் கொடுத்த நபருக்கும் உண்டு. ரோட்டில் போகிறவர் தகவல் சொல்லலாம், புகார் கொடுக்கலாம், வண்டிச் சாவியைப் பிடுங்க முடியாது. பிடித்த விலங்கை மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ காட்டவேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை வண்டியை நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். "சரி சார், டாக்டரைக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் ஆட்டை இறக்கி நிழலில் கட்ட இடம் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். 1962 என்ற கால்நடை அவசர எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள்.

அதே சட்டம் இந்தக் குற்றத்துக்கு முதல் தடவைக்கு வைத்த அபராதம் 50 ரூபாய் வரை. இரண்டு டீ, இரண்டு பஜ்ஜி. அபராதம் இவ்வளவு சொற்பமாக இருப்பதால்தான் தண்டனையை வேறு வழியில் கொடுக்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு. வண்டியை நிறுத்தி வைப்பது, ஆட்டைக் காப்பகத்துக்கு அனுப்புவது, தீனிச் செலவை உங்கள் தலையில் கட்டுவது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த இன்னொரு விதி, வழக்கு நடக்கும்போதே விலங்கைக் காப்பகத்திடம் ஒப்படைக்க வழி செய்தது. எருமை வியாபாரிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். குற்றம் நிரூபணமாகும் முன்பே உடைமையைப் பறிப்பது மூலச் சட்டத்துக்கே முரண், விதியை மாற்றுங்கள் என்ற பொருள்பட 2021 ஜனவரியில் நீதிமன்றம் அரசிடம் சொன்னது. உங்களைப் போன்றவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது வெறும் ஆறுதலுக்காக இல்லை.

உங்கள் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சோழவரம் பக்கத்தில் சென்னை சிவப்புச் செம்மறி வளர்க்கிற பெரியவர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வது இதுதான்: "புள்ளை மாதிரி வளர்க்கிறோம் டாக்டரே, எங்களுக்கே கருணை சொல்லித் தர்றாங்க." அவர்கள் சொல்வது பொய்யில்லை. மழை ராத்திரியில் குட்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற ஆட்களைப் பார்த்தவன் நான். பட்டியில் கொடுமை நடப்பதில்லை. கயிறு கைமாறியதிலிருந்து தொட்டியில் இறங்குகிற வரைக்கும் இருக்கிற அந்தச் சில மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. அப்போது ஆடு வளர்த்தவருடையதும் இல்லை, வாங்கப்போகிறவருடையதும் இல்லை. வெறும் சரக்கு.

அந்த நேரத்துச் செலவு யார் தலையில் விழுகிறது தெரியுமா? பட்டிக்கு வருகிற தரகர் முதுகுத்தண்டில் கைவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "வழியில இளைச்சுடும்ப்பா" என்று விலையைக் குறைக்கிறாரே, அதுதான் சேதாரத்தின் பில். தூரப் பயணத்தில் ஆடு தன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இழக்கும். முதலில் போவது புழுக்கையும் மூத்திரமும், நேரம் ஆக ஆக உடம்பு நீரும் சதையும். மிரண்டு சோர்ந்த ஆட்டின் கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடும். கசாப்புக் கடைக்காரருக்கு அது கத்தி வைத்ததுமே தெரியும், அடுத்த தடவை அவர் குறைத்துக் கேட்பார். அந்தக் குறைப்பும் சுற்றிச் சுற்றி ஊத்துக்கோட்டைக்கே வந்து சேரும். போக்குவரத்து விதி வந்தால் தன் விலை குறையும் என்று உங்கள் மாமனார் பயப்படுகிறார். விதியை யாரும் மதிக்காததால் அவருக்கு எவ்வளவு குறைந்துகொண்டிருக்கிறது என்று அவரிடம் ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை.

இருந்தாலும் அவர் பயம் சும்மா வந்ததில்லை. 2017 மே 23 அன்று சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. கறவை வற்றிய மாட்டை என்ன செய்வது, அதற்கு யார் வைக்கோல் போடுவது என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரி கிடையாது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது, மறு ஆண்டு அரசே பின்வாங்கியது. அது மாட்டுக்கும் எருமைக்கும் ஒட்டகத்துக்கும்தான், ஆட்டுக்கு இல்லை. ஆனால் "இன்னைக்கு மாடு, நாளைக்கு ஆடு" என்ற நினைப்பு அப்போதுதான் பட்டிகளில் புகுந்தது. இன்னும் வெளியே போகவில்லை.

ஷார்ஜா யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். சட்டத்தில் முழுத் தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குஜராத்தில் கண்ட்லாவை அடுத்த டூனா துறைமுகத்திலிருந்து வளைகுடாவுக்கு உயிருள்ள ஆடுகள் கப்பலில் போயிருக்கின்றன. ஆனால் அந்தத் தொழில் எப்போதும் நூல்மேல் நிற்கிறது. 2018 ஜூனில் நாக்பூரிலிருந்து விமானத்தில் ஆடுகளை ஷார்ஜாவுக்கு அனுப்ப நாள் குறித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் டூனாவிலும் நிறுத்தச் சொல்லி மாநில அரசு உத்தரவு போட, ஏற்றுமதி செய்தவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2023 ஜூனில், 1898ஆம் ஆண்டுப் பழைய சட்டத்துக்குப் பதிலாக, உயிருள்ள கால்நடை ஏற்றுமதிக்கும் இடம் தரும் ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு வெளியிட்டது. இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நோயில்லை என்ற சான்று, தனிமைப்படுத்தல், வாங்கும் நாடு கேட்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து ஆடுகளைத் தயாராக வைத்திருக்கிற நாளில் உத்தரவு மாறினால், அத்தனை ஆட்டுக்கும் தீனி யார் போடுவது? பெரிய கம்பெனி தாங்கும். நீங்கள் தாங்கமாட்டீர்கள்.

அதைவிட எளிதான விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னைக்கே ஆடு பற்றவில்லை. எளாவூர் சோதனைச்சாவடி தாண்டி, காரனோடை, செங்குன்றம், மூலக்கடை வழியாக ராத்திரி ராத்திரி ஆந்திர லாரிகள் உங்கள் வாசல் வழியாகத்தானே போகின்றன? அவை 200, 300 கிலோமீட்டர் இளைத்து வருகின்றன. உங்களுடையது 50 கிலோமீட்டர். வாடாத ஆடு என்று தொட்டியில் பெயர் வாங்கினாலே போதும். வளைகுடாவுக்கும் இந்தியாவிலிருந்து ஆட்டுக்கறி குளிரூட்டி நிறையப் போகிறது, அந்தச் சந்தைக்கு ஆடு கொடுப்பது வேறு கதை, யோசிக்கலாம்.

ஆஸ்திரேலிய வீடியோவை நானும் பார்த்தேன். 2024 மே மாதக் கடைசியில் பெர்த் நகரில் லாரிகள் வரிசை கட்டிய காட்சி. அதற்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அங்கிருந்து வளைகுடாவுக்குப் போன அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் வெக்கை தாங்காமல் ஏறத்தாழ 2,400 செம்மறிகள் செத்தன. உள்ளே வேலை பார்த்த ஒருவர் எடுத்த காட்சி 2018 ஏப்ரலில் டி.வி.யில் வந்தது. நின்றபடியே நாக்கைத் தள்ளி இரைக்கிற ஆடுகள், கீழே சாணிச் சேற்றில் புதைந்தவை. உங்கள் குட்டி யானையில் நடந்ததும் அதே நோய்தான், அளவுதான் வேறு. 2024இல் சட்டம் வந்தது, கப்பலில் உயிருள்ள செம்மறி ஏற்றுமதி 2028 மே 1 முதல் கிடையாது. விவசாயிகள் கொதித்தார்கள். மழை பொய்த்த வருடத்தில் எங்கள் ஆட்டை வேறு யார் வாங்குவார், கப்பல் முறைகளை இவ்வளவு திருத்திய பிறகும் தடையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நகரத்துக்காரர்கள் முடிவெடுத்து எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்ற பேச்சு பெர்த்திலும் ஒன்றுதான், பெரியபாளையத்திலும் ஒன்றுதான். ஆனால் அவர்களுக்குக் கிட்டத்தட்ட நாலு வருட அவகாசமும், தொழிலை மாற்றிக்கொள்ள 10 கோடி டாலருக்கு மேல் உதவி அறிவிப்பும் கிடைத்தன. உங்களுக்குக் கிடைத்தது ராத்திரி 11 மணிக்கு ஒரு டார்ச் லைட்.

ஆகவே நீங்களும் பக்கத்துப் பட்டிக்காரர்களும் ஒன்றுசேர்ந்து மனு கொடுப்பதாக இருந்தால், விதியைத் தூக்கு என்று எழுதாதீர்கள், அது நடக்காது, நடக்கவும் கூடாது. இப்படி எழுதுங்கள்: வடக்கேயிருந்து ஆடு வருகிற சாலையில், செங்குன்றத்துக்கும் மாதவரத்துக்கும் நடுவே எங்காவது, கூரையும் தண்ணீர்த்தொட்டியும் சாய்வுப் பலகையும் உள்ள ஒரு கொட்டகை வேண்டும். வண்டியை நிறுத்தினால் ஆட்டை அங்கே இறக்கித்தான் விசாரிக்கவேண்டும். ராத்திரிப் பணியில் ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும். சான்றிதழ் கொடுக்கிற மருந்தகம் பகலில் திறக்கிறது, சந்தை விடியலில் கூடுகிறது, இந்த இடைவெளியை அரசுதான் நிரப்பவேண்டும். இதற்கு விலங்கு நல அமைப்புக்காரர்களும் கையெழுத்துப் போடுவார்கள், கேட்டுப் பாருங்கள். நான் போடுவேன்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். முந்தின நாளே மருந்தகத்தில் காட்டி, பயணத்துக்குத் தகுதி என்ற சான்றிதழை மாமனார் பெயரிலேயே வாங்குங்கள். 1978ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளில் ஆட்டுக்கான பகுதி ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கென்று எழுதப்பட்டது, உங்களுடையது இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் பின்னால் திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன, ரோட்டில் நின்று சட்டம் விளக்குவதைவிடக் காகிதத்தைக் காட்டுவது சுலபம். வண்டியில் வைக்கோல் இரண்டு அங்குலம் பரப்புங்கள், நடுவில் ஒரு தடுப்புப் பலகை போடுங்கள், அப்போது பிரேக் அடித்தாலும் மொத்தமும் மூலைக்கு வராது. கொம்புக் கிடாவைத் தனியாக நிறுத்துங்கள், நிறைசினை ஆட்டை ஏற்றவே ஏற்றாதீர்கள். எடை காட்டுவதற்காகக் கிளம்பும் முன் உப்புத் தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, உங்களிடம் இருந்தால் இன்றோடு விடுங்கள். வயிறு புளித்து, உப்பி, வழியிலேயே படுத்துவிடும். காய்ந்த தீவனமும் நல்ல தண்ணீரும் போதும்.

10 ஆட்டுக்கு ஒரு நடை கட்டுப்படியாகாது என்பீர்கள். போக வர 100 கிலோமீட்டருக்கு ஆறேழு லிட்டர் டீசல். அந்த 30 ஆயிரத்துக்கு எத்தனை நடை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரே ராத்திரியில் மூன்று நடை அடிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். பக்கத்துப் பட்டிக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பெரிய வண்டி பேசுங்கள். நாலரை, ஐந்து டன் வண்டியில் 40 ஆடு வரை ஏற்ற அந்த 1978 விதியே அனுமதிக்கிறது, ஆனால் தலைக்கு மூன்றேகால் சதுர அடி வருகிற அளவுக்கே ஏற்றுங்கள். வண்டி ஆடு ஏற்றுவதற்கென்று தடுப்பு வைத்து மாற்றி, ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடா. 12 நாளாகியும் நொண்டினால் வெறும் சுளுக்கு என்று விடமுடியாது. குளம்பைத் தூக்கி இடுக்கில் புண், சீழ், நாற்றம் இருக்கிறதா பாருங்கள். முட்டியிலோ தொடையிலோ வீக்கம் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், எலும்பில் விரிசலாகவும் இருக்கலாம். மறுபடி வண்டியில் ஏற்றாமல் டாக்டரைப் பட்டிக்கே வரச் சொல்லுங்கள். இதற்குள் வலிக்கோ புண்ணுக்கோ ஊசி போட்டிருந்தால், அந்த மருந்து கறியிலிருந்து நீங்க எத்தனை நாளாகும் என்று போட்டவரிடம் கேட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் வெட்டுக்குக் கொடுக்கவேண்டும். ஊசி மருந்தின் காலிச் சீசாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெயர் அதில்தான் இருக்கும்.